எதிரொலிக்கு முந்தும் செவி

சாலையோரம் நிற்கும் காவலரின் கைக்கருவி நுண்ணலைக் கற்றை ஒன்றை வீசுகிறது. அது ஒளியின் வேகத்தில் ஓடி, எதிரே வரும் மகிழுந்தின் உலோக உடலில் மோதிச் சிதறுகிறது. சிதறியதில் ஒரு துளி மட்டுமே புறப்பட்ட இடத்துக்குத் திரும்புகிறது. அந்தத் துளியை வைத்தே வண்டியின் வேகம் கணிக்கப்படுகிறது. ஆனால் அதே மகிழுந்தின் முன்கண்ணாடியில் பொருத்தப்பட்ட உள்ளங்கையளவுப் பெட்டி ஒன்று, காவலரின் கருவி வேகத்தைப் படிக்கக்கூடிய தொலைவு வருவதற்கு நெடுமுன்பே அந்த அலையைக் கேட்டுவிட்டு ஒலியெழுப்புகிறது. அமெரிக்க நெடுஞ்சாலைகளில் அரை நூற்றாண்டாக ஓட்டுநர்கள் விலைகொடுத்து வாங்கிவரும் ரேடார் உணரி என்பது இந்தப் பெட்டியே. மிகச் சிறிய, மலிவான இக்கருவி, அரசு வாங்கித் தந்த கருவியை எவ்வாறு முந்துகிறது? அதற்கான விடை பொறியாளரின் திறமையில் பாதியும், வெளியின் வடிவியலில் பாதியும் இருக்கிறது. வடிவியலில் உள்ள பாதியே எனக்கு வியப்பூட்டுவது.

முதலில் வேகத்தை அளக்கும் முறை. 1842 இல் பிராகா நகரில் கிறித்தியான் டாப்ளர் ஒரு கருத்தை முன்வைத்தார்: அலையை வெளியிடும் பொருளும் அதைப் பெறுபவரும் நெருங்கினால் அலைவெண் கூடும், விலகினால் குறையும். அவர் எண்ணியது இரட்டை விண்மீன்களின் நிறத்தைப் பற்றி. மூன்றாண்டுகள் கழித்து டச்சு அறிஞர் பைசு பாலோட், தொடர்வண்டியில் ஊதுகுழல் இசைப்போரை ஏற்றி, தண்டவாளத்தின் அருகே செவிகூர்ந்த இசைவாணரை நிறுத்தி, ஒலியில் அதை மெய்ப்பித்தார். விண்மீனுக்காகப் பிறந்த அந்தக் கருத்துத்தான் இன்று சாலையில் நிற்கிறது. ஓடும் வண்டியில் பட்டுத் திரும்பும் அலை இருமுறை மாற்றம் பெறுகிறது. வண்டியைச் சேரும்போது ஒருமுறை, வண்டியிலிருந்து மீளும்போது மற்றொரு முறை. ஆகவே அலைவெண்ணின் வேறுபாடு, வேகத்தின் இருமடங்கை ஒளியின் வேகத்தால் வகுத்து, அனுப்பிய அலைவெண்ணால் பெருக்கினால் கிடைப்பது.

எண்களை இட்டுப் பார்ப்போம். காவல் துறைகள் பரவலாகக் கையாளும் கே பட்டையின் அலைவெண் 24.15 கிகா ஹெர்ட்சு. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்கும் வண்டி அதில் உண்டாக்கும் வேறுபாடு ஏறத்தாழ 4,470 ஹெர்ட்சு மட்டுமே. இரண்டாயிரத்து நானூறு கோடிக்கு மேற்பட்ட அதிர்வுகளில் நாலாயிரத்துச் சொச்சம்! ஆனால் போன அலையையும் வந்த அலையையும் ஒரே இருமுனையத்தில் கலந்தால் இந்த வேறுபாடு தனியே பிரிந்து வந்துவிடுகிறது. அது மனிதச் செவி கேட்கும் எல்லைக்குள் அமைவது ஓர் இனிய தற்செயல். காவலர் அதை ஒலிபெருக்கியில் சீழ்க்கையாகக் கேட்கலாம். வேகம் கூடினால் சுருதி கூடும். கருவி சரியாக உள்ளதா என்று சோதிக்க அவர்கள் இசைக்கவையைத் தட்டிக் கருவியின் முன் நீட்டுவது இதனால்தான். நொடிக்கு 2,520 முறை அதிரும் கவையைக் கே பட்டைக் கருவி, மணிக்கு 35 மைல் வேகத்தில் ஓடும் வண்டியாகவே எண்ணிக்கொள்ளும்.

இக்கருவியின் பிறப்பு போர்க்காலத்தில் நிகழ்ந்தது. கட்டலினா வானூர்திகள் தரையிறங்கும்போது அவற்றின் சக்கரத் தொகுதி சேதமுற்றுவந்தது. இறங்கும் வேகத்தை அளக்க ஒரு வழி தேவைப்பட்டது. அதற்காக ஜான் பார்க்கரும் பென் மிட்லாக்கும் ஒரு டாப்ளர் ரேடாரை உருவாக்கினர். காப்பித்தூள் தகரக் குவளைகளைப் பற்றவைத்து அதன் அலைமீட்டிகளாக அமைத்தனர். 1947 இல் கனெடிகட் மாநிலத்தின் கிளாசுடன்பரி என்னும் ஊரில் மாநிலக் காவல் துறை அதைச் சாலையில் நிறுத்தியது. முதலில் போக்குவரத்துக் கணக்கெடுப்பும் எச்சரிக்கையுமே அதன் பணி. 1949 பிப்ரவரியிலிருந்து தண்டச்சீட்டும் தரத் தொடங்கினர். பின்னர் அலைவெண் படிப்படியாக ஏறியது: எக்ஸ் பட்டையில் 10.525, கே பட்டையில் 24.15, கேஏ பட்டையில் 33.4 முதல் 36 கிகா ஹெர்ட்சு வரை. அலைவெண் ஏற ஏற அலைநீளம் குறுகும். அலைநீளம் குறுகினால் சிறிய அலைவாங்கியே கற்றையைக் கூர்மையாக்கப் போதும். நுண்ணலையைப் பிறப்பிக்க, ஐபிஎம் ஆய்வகத்தில் 1960களின் தொடக்கத்தில் ஜே. பி. கன் கண்டறிந்த விளைவின் அடிப்படையில் அமைந்த இருமுனையம் கைகொடுத்தது. கருவி கைக்குள் அடங்கியது.

இனி வடிவியலுக்கு வருவோம். ஒரு புள்ளியிலிருந்து புறப்படும் அலை விரிந்துகொண்டே செல்கிறது. தொலைவு இருமடங்கானால் அது பரவும் பரப்பு நான்கு மடங்காகும். செறிவு நான்கில் ஒன்றாகும். மகிழுந்தில் உள்ள உணரிக்கு இந்த ஒருவழி இழப்பு மட்டுமே. காவலரின் கருவிக்கோ இருவழி இழப்பு. ஏற்கெனவே மெலிந்த அலை வண்டியில் பட்டுச் சிதறி, மீண்டும் அதே தொலைவுக்கு விரிந்து மெலிந்து திரும்ப வேண்டும். எனவே தொலைவு இருமடங்கானால் அவர் பெறும் எதிரலை பதினாறில் ஒன்றாகிறது. உணரி தொலைவின் இரண்டாம் அடுக்கோடு போராடுகிறது; காவலரின் கருவி நான்காம் அடுக்கோடு போராடுகிறது. மலையடியில் நின்று கூவுபவனின் குரல் மலைமேல் நிற்பவனுக்குத் தெளிவாகக் கேட்கும். கூவியவனுக்கு வந்துசேரும் எதிரொலியோ இருக்கிறதா இல்லையா என்னும் ஐயத்தோடே வரும்.

எவ்வளவு வேறுபாடு என்று கணிப்பதும் அரிதன்று. ஒரு மகிழுந்தின் எதிரொளிப்புப் பரப்பைப் பத்துச் சதுர மீட்டர் எனக் கொள்வோம். தொலைவு ஒரு கிலோமீட்டர். வண்டியை அடையும் அலையின் செறிவுக்கும், காவலரிடம் மீளும் எதிரலையின் செறிவுக்கும் உள்ள விகிதம், ஒரு கிலோமீட்டர் ஆரங்கொண்ட கோளத்தின் பரப்பைப் பத்தால் வகுத்தால் கிடைக்கும். அது ஏறத்தாழ பன்னிரண்டரை இலட்சம். இந்தக் கணக்கில் காவலரின் கருவி எவ்வளவு திறன் வீசுகிறது என்ற எண் எங்கும் வரவில்லை என்பதைக் கருத வேண்டும். அவர் திறனைப் பத்து மடங்காக்கினால் அவருடைய எதிரலை பத்து மடங்காகும். உணரி கேட்கும் அலையும் பத்து மடங்காகும். இடைவெளி அப்படியே நிற்கும். காவலரின் அலைவாங்கி பெரிது, அவருடைய சுற்று நுட்பமானது என்பனவெல்லாம் இந்த இடைவெளியில் ஒரு பகுதியை ஈடுசெய்யும். முழுவதையும் ஈடுசெய்ய இயலாது.

இயற்கை இத்தகைய முன்னுரிமையைக் கேட்பவனுக்கு வழங்கியிருந்தும், அதை விலைப்பொருளாக்கியது ஒரு சட்டமே. எண்ணெய் நெருக்கடியின்போது எரிபொருளைச் சேமிக்க, நாடெங்கும் உச்ச வேகத்தை மணிக்கு 55 மைலாக்கும் சட்டத்தில் 1974 சனவரி 2 அன்று அமெரிக்க அதிபர் நிக்சன் கையொப்பமிட்டார். நெடுந்தொலைவு விரைவாகச் செல்வதற்கென்றே அமைந்த அகன்ற சாலைகளில், அதுவரை குற்றமாக இல்லாத வேகம் ஒரே நாளில் குற்றமாயிற்று. அந்தப் பத்தாண்டில் ஓகையோ மாநிலத்தைச் சேர்ந்த டேல் சிமித் என்பவரின் ‘ஃபஸ்பஸ்டர்’ உணரி பெருவாரியாக விற்றது. காவலரின் கருவிமீதும் அன்று முழு நம்பிக்கை இல்லை. 1979 இல் மயாமியில் ஒரு தொலைக்காட்சிச் செய்தியாளர் நடத்திய சோதனையில், அத்தகைய கருவி ஒன்று ஒரு பனைவகை மரத்துக்கு மணிக்கு 86 மைலும், ஒரு வீட்டுக்கு 28 மைலும் காட்டியது. உணரி வாங்கியோரில் பலர் தம்மைக் குற்றவாளியாக எண்ணவில்லை, தற்காத்துக்கொள்பவராகவே எண்ணினர். அவ்வெண்ணம் முற்றிலும் அடிப்படையற்றதன்று என்பதை மறுக்கலாகாது.

முற்கால உணரிகள் மிக எளியவை. கொம்பு வடிவ அலைவாங்கி ஒன்று, அதன் அடியில் ஓர் இருமுனையம், அடுத்து ஒரு மிகைப்பி, அவ்வளவே. திருப்பம் வந்தது 1978 இல். சின்சினாட்டியைச் சேர்ந்த ஜிம் ஜேகரும் மைக்கேல் வாலண்டைனும் ‘எசுகார்ட்’ என்னும் உணரியில் சூப்பர்ஹெட்டரோடைன் முறையைப் புகுத்தினர். முதல் உலகப் போரின்போது, 1918 இல் எட்வின் ஆம்சுட்ராங் வானொலிக்காக வகுத்த முறை அது. உள்ளே வரும் அலையை அப்படியே பெருக்க முயலாமல், கருவிக்குள்ளேயே பிறப்பித்த இன்னோர் அலையோடு அதைக் கலக்க வேண்டும். இரண்டின் வேறுபாடு தாழ்ந்த அலைவெண்ணாக வெளிவரும். தாழ்ந்த அலையைத் துல்லியமாக வடிகட்டலாம், பன்மடங்கு பெருக்கலாம், இரைச்சலிலிருந்து பிரிக்கலாம்.

இதில் வடிவமைப்பாளர்கள் கண்ட சிக்கனம் போற்றத்தக்கது. உள்ளே ஓர் அலைவியற்றியை ஏறத்தாழ 11.5 கிகா ஹெர்ட்சில் இயக்குகிறார்கள். எக்ஸ் பட்டையின் 10.525 அதனோடு கலந்தால் வேறுபாடு ஒரு கிகா ஹெர்ட்சுக்கு அருகில் வருகிறது. அதன் இரண்டாம் மடங்கு 23. கே பட்டையின் 24.15 இலிருந்து அதைக் கழித்தால் மீண்டும் ஏறத்தாழ ஒன்று. மூன்றாம் மடங்கு 34.5, அது கேஏ பட்டையின் நடுவிலேயே அமர்கிறது. ஓர் அலைவியற்றியைச் சற்றே மேலும் கீழும் அசைத்தால் மூன்று பட்டைகளும் அதன் காதுக்குள் வந்துவிடுகின்றன. மூன்று பட்டைகளையும் ஒதுக்கிய அரசு அமைப்பு இப்படியோர் எளிய விகிதம் அமையும் என்று கருதி ஒதுக்கியிருக்காது. கிடைத்த எண்களில் ஒழுங்கைக் கண்டது பொறியாளரின் கண்.

ஆனால் கேட்பதற்காக உள்ளே ஓர் அலையைப் பிறப்பித்த அந்தக் கணமே உணரி தன் மறைவை இழந்தது. உள்ளிருக்கும் அலைவியற்றியின் அலையில் ஒரு சிறு பகுதி அலைவாங்கி வழியாகவே வெளியே கசிகிறது. கனடாவின் டெக்னிசானிக் நிறுவனம் விஜி-2 என்ற கருவியை உருவாக்கியது, அது 11.5 கிகா ஹெர்ட்சுக்கு அருகே கசியும் அலையைத் தேடிப் பிடித்து, ‘இவ்வண்டியில் உணரி இருக்கிறது’ என்று காவலருக்கு அறிவித்தது. ஆனால் விஜி-2 தானும் ஒரு சூப்பர்ஹெட்டரோடைன் அலையேற்பியே, அதுவும் கசிந்தது. அக்கசிவைக் கேட்ட மறுகணம் தன் அலைவியற்றியை அணைத்துக்கொண்டு அமைதியாகும் உணரிகள் அடுத்து வந்தன. பின்னர் அலைவியற்றியின் அலைவெண்ணையே வேறிடத்துக்கு நகர்த்திய உணரிகள் வந்தன. அவற்றையும் தேடும் ‘இசுபெக்டர்’ கருவி ஆத்திரேலியாவிலிருந்து வந்தது.

இக்கசிவு காவலரை மட்டும் பாதித்திருந்தால் அது ஒரு விளையாட்டாகவே முடிந்திருக்கும். பாதிப்பு வேறிடத்திலும் தோன்றியது. 11.7 முதல் 12.2 கிகா ஹெர்ட்சு வரையுள்ள பட்டையில் செயற்கைக்கோள்கள் தரையிலுள்ள சிறு தட்டுகளுக்குத் தரவு அனுப்புகின்றன. எரிபொருள் நிலையங்களில் அட்டை வழியாகப் பணம் செலுத்துவதற்குக்கூட அத்தகைய இணைப்புகள் பயன்பட்டன. முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் மெல்லிய அலை எங்கே, அருகே கடந்து செல்லும் மகிழுந்திலிருந்து கசியும் அலை எங்கே! இடையூறு பெருகவே, 2002 இல் அமெரிக்கக் கூட்டரசுத் தகவல் தொடர்பு ஆணையம் அப்பட்டையில் உணரிகள் கசியவிடக்கூடிய அளவுக்கு வரம்பு விதித்தது. கேட்பது மட்டுமே தன் வேலை என்று கருதப்பட்ட கருவிக்கு, அது வெளியிடும் அலைக்காக ஒரு விதி.

சட்டங்கள் இக்கருவியை இடத்துக்கிடம் வேறுவிதமாகப் பார்க்கின்றன. அமெரிக்காவில் வர்சீனியா மாநிலமும் தலைநகர் வாசிங்டனும் தனியார் மகிழுந்துகளிலேயே அதைத் தடைசெய்துள்ளன. பத்தாயிரம் பவுண்டுக்கு மேற்பட்ட வணிக ஊர்திகளுக்கு 1994 முதல் நாடு முழுதும் தடை உண்டு. கனடாவின் பெரும்பாலான மாகாணங்களில் உடைமையே குற்றம். செருமனியில் ஓட்டும்போது பயன்படுத்தலாகாது. பிரான்சிலும் தடை. பிரித்தானிய நீதிமன்றம் 1998 இல் வழங்கிய தீர்ப்பு இவற்றுள் தனித்து நிற்கிறது. அப்போது நடப்பிலிருந்த 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தமக்கு உரியதல்லாத செய்தியைக் கம்பியில்லாக் கருவியால் பெறுவது குற்றமாக இருந்தது. ரேடார் அலையைக் கேட்பவர் செய்தி எதையும் பெறுகிறாரா? அலை அங்கே உள்ளது என்பதை மட்டுமே அவர் அறிகிறார். அது செய்தி ஆகாது என்று நீதிமன்றம் முடிவுசெய்தது. இயற்பியலாளர் எவரும் அந்தத் தீர்ப்பைப் படித்துச் சற்று நின்று சிந்திப்பார். ஏனெனில் செய்தி உண்மையில் எதிரலையில் பிறக்கிறது. போகும் அலையில் அது இன்னும் எழுதப்படவே இல்லை. ஆயினும் இதை வைத்து எங்கும் அச்சமின்றிப் பயன்படுத்தலாம் என்று எண்ணுவோர், எல்லை கடக்குமுன் அவ்விடத்துச் சட்டத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. அலையைத் திருப்பிவீசிக் காவலரின் கருவியைக் குழப்பும் கருவியோ அமெரிக்கா எங்கும் சட்டத்துக்குப் புறம்பானது.

உடைமையாளரின் அன்றாடப் பாடு வேறு. உணரியை முன்கண்ணாடியில் உயரமாக, முன்பின் மறைப்பின்றி, சாலைக்கு இணையாகப் பொருத்த வேண்டும். துடைப்பான்களும் உலோகப் பூச்சுப் பெற்ற கண்ணாடியும் நுண்ணலையை மறிக்கும். சில மகிழுந்துகளின் வெப்பந்தடுக்கும் கண்ணாடியில் அத்தகைய பூச்சு உண்டு. எல்லாவற்றிலும் பெரிய தொல்லை பொய்யொலி. பேரங்காடிகளின் தானியங்கிக் கதவுகள் எக்ஸ் பட்டையிலோ கே பட்டையிலோ அலை வீசி மனிதர் வருகையை அறிகின்றன. பக்கவாட்டில் மறைந்துவரும் வண்டியை எச்சரிக்கும் ரேடாரைப் பல மகிழுந்துகள் 24 கிகா ஹெர்ட்சில் சுமந்துகொண்டே ஓடுகின்றன. இவற்றுக்கெல்லாம் அலறும் உணரியை ஓட்டுநர் சில வாரங்களில் செவிமடுக்காமல் விடுகிறார். அதனால் இன்றைய உணரிகள் செயற்கைக்கோள் வழியே இடத்தைக் குறித்துக்கொண்டு, ஒரே இடத்தில் ஒரே அலைவெண்ணில் மீண்டும் மீண்டும் எழும் அலையைக் கதவு என்று அறிந்து அடக்குகின்றன. 1992 இல் வந்த வாலண்டைன் ஒன் கருவி, அலை முன்னிருந்து வருகிறதா பின்னிருந்து வருகிறதா என்பதை அம்புக்குறியால் காட்டத் தொடங்கியது. எச்சரிக்கையைவிட, அந்த எச்சரிக்கை கடந்துபோனதா என்பதை அறிவதே சில வேளைகளில் மிகப் பயனுள்ளது.

காவலரும் வடிவியலின் தீர்ப்பை ஏற்றுச் சும்மா இருக்கவில்லை. கருவியை எப்போதும் வீசவிடாமல் அமைதியில் வைத்திருந்து, வண்டி அருகே வந்தபின் ஒரு கணம் மட்டும் இயக்குகிறார். பன்னிரண்டரை இலட்சம் மடங்கு முன்னுரிமை இருந்தாலும், இல்லாத அலையைக் கேட்க எந்தச் செவியாலும் இயலாது. அப்போது உணரிக்கு எஞ்சியிருப்பது, முன்னே செல்லும் வேறொரு வண்டியை நோக்கி வீசிய அலையின் சிதறல் மட்டுமே. ஆள் நடமாட்டமற்ற நள்ளிரவுச் சாலையில் அதுவும் கிடையாது.

இங்கே ஓர் உண்மையை மனம் திறந்து சொல்லியாக வேண்டும். நான்காம் அடுக்கு இக்கட்டுரையில் ஓட்டுநருக்குத் துணையாக வந்தது. சாலையில் அது இன்னோரிடத்திலும் வருகிறது. சுவீடன் ஆய்வாளர் கொரான் நில்சன் வேகத்தையும் விபத்தையும் ஒப்பிட்டு வகுத்த விதி இது: சாலையின் சராசரி வேகம் கூடும்போது, உயிரிழப்பு விபத்துகள் அவ்வேகத்தின் நான்காம் அடுக்கை ஒட்டிப் பெருகும். வேகம் ஐந்து விழுக்காடு கூடினால் உயிரிழப்பு விபத்து ஏறத்தாழ இருபது விழுக்காடு கூடும். நார்வேயின் ரூனே எல்விக் பின்னர் இதை மறுஆய்வு செய்து, அடுக்கு சாலைக்குச் சாலை மாறுபடும் என்று காட்டினார். ஆயினும் வேகத்தைவிடச் சாவு பன்மடங்கு விரைந்து ஏறும் என்பது மாறவில்லை. ஒன்று வெளியின் வடிவம் தந்த விதி. மற்றது மனித உடலின் நொறுங்கும் எல்லை தந்த விதி. இரண்டுக்கும் இயற்பியல் உறவு இல்லை. ஆனால் முதல் விதியை விலைகொடுத்து வாங்குகிறவர் இரண்டாவது விதியிலிருந்து விலக்குப் பெறுவதில்லை. உணரியின் நுட்பத்தை நான் போற்றுகிறேன். அதை நம்பி வண்டியை விரட்டுவதை என்னால் ஏற்க இயலவில்லை. திடீரென ஒலி கேட்டதும் தடையை மிதிக்கும் ஓட்டுநர், பின்னால் வருபவரின் உயிரையும் அந்தப் பெட்டியின்மேல் ஏற்றிவைக்கிறார்.

வடிவியல் தந்த முன்னுரிமை 1990களிலிருந்தே தேயத் தொடங்கிவிட்டது. காவலர்கள் லேசரைக் கையிலெடுத்தனர். 904 நானோமீட்டர் அலைநீளத்தில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புத் துடிப்புகளை அது அனுப்புகிறது. முந்நூறு மீட்டர் தொலைவில் உள்ள வண்டிக்குத் துடிப்பு போய்வர ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் இரண்டு பங்கு போதும். அடுத்தடுத்த துடிப்புகள் தரும் தொலைவுகளின் மாற்றமே வேகம். கே பட்டைக் கற்றை பன்னிரண்டு பாகை அகலமுடையதாயின், அத்தொலைவில் அது அறுபது மீட்டருக்கு மேல் விரிந்து சாலை முழுதும் நனைக்கிறது. லேசர்க் கற்றையோ ஒரு மீட்டருக்கும் உட்பட்டது. கற்றை முழுவதும் வண்டியின் மீதே விழுவதால், போகும் வழியில் விரிந்து வீணாவது ஏறத்தாழ இல்லை. காவலரும் இப்போது இரண்டாம் அடுக்கோடு மட்டுமே போராடுகிறார். பக்கத்து வண்டிக்குச் சிதறலும் மிகக் குறைவு. உணரி லேசரைக் கேட்டு ஒலியெழுப்பும்போது, பெரும்பாலும் அவ்வண்டியின் வேகம் ஏற்கெனவே பதிவாகியிருக்கும்.

அதற்கும் அப்பால், அலையே வீச வேண்டாத முறை ஒன்று பரவிவிட்டது. இத்தாலியின் நெடுஞ்சாலைகளில் ‘டியூட்டர்’ என்னும் அமைப்பு 2005 இன் இறுதியிலிருந்து இயங்குகிறது. ஒரு வளைவின்கீழ் வண்டியின் எண்பலகையையும் நேரத்தையும் ஒளிப்படக்கருவி பதிகிறது. பல கிலோமீட்டர் தள்ளி, அடுத்த வளைவில் மீண்டும் பதிகிறது. டாப்ளர் இல்லை, எதிரலை இல்லை, கேட்பதற்கு எதுவுமே இல்லை. 15 கிலோமீட்டரை 6 நிமிடத்தில் கடந்த வண்டியின் சராசரி வேகம் மணிக்கு 150 கிலோமீட்டர்; அந்நாட்டின் நெடுஞ்சாலை வரம்பு 130.